கணையம் இருந்த கிளை

வேதநாயகம் சாரின் எட்டாம் வகுப்பு அறிவியல் குறிப்பில் செரிமானப் பாடம் மட்டும் பதினான்கு பக்கம். அதை எழுத்து மாறாமல் ஒப்பிப்பவருக்குத்தான் மாவட்ட வினாடி வினா அணியில் இடம். அந்த இடம் முத்துப்பேச்சிக்கு வேண்டும். அவளோ பாடம் முழுவதையும் ஒரே தாளில் மன வரைபடமாக்கியிருந்தாள். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து கிளைகள், கிளைக்கு ஓர் உறுப்பு, உறுப்புக்கு ஒரு நிறம்.

“ஏட்டி, இது பாடமா, ஆக்டோபஸா?” என்றார் சார். வகுப்பே சிரித்தது. “படம் போட்டா படிச்ச மாதிரி ஆயிருமா? தாளை இங்க குடு. பாடத்தைக் கடைசியில இருந்து முதல் வரைக்கும் சொல்லு பாப்போம். சொல்லிட்டா டீம்ல உன் பேரு.”

முத்துப்பேச்சி கண்களை மூடினாள். அவள் விரல் காற்றில் கிளை கிளையாக நகர்ந்தது. பெருங்குடலில் தொடங்கி, சிறுகுடல், கல்லீரல், இரைப்பை என்று ஒவ்வொன்றின் வேலையையும் சொல்லிக்கொண்டே வந்து, வாயில் ஊறும் உமிழ்நீரில் முடித்தாள்.

சார் துள்ளினார். “கணையத்தை விட்டுட்டியே!”

“அதை மட்டும் நீங்க சொல்லுங்க சார்” என்றாள் அவள் பணிவாக.

சார் கண்களை மூடினார். “செரிமானம் என்பது...” என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். நடுவிலிருந்து அவருக்கு வராது. மூன்றாம் பக்கத்தில் மூச்சு வாங்கியது. மெல்ல ஒரு கண்ணைத் திறந்து, கையிலிருந்த தாளில் தேடினார்.

“பச்சைக் கால் சார்” என்று எடுத்துக் கொடுத்தாள் முத்துப்பேச்சி.

அணிப் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. தாளைத்தான் சார் திருப்பித் தரவேயில்லை.