கல் இல்லாத சேறு

"டீச்சர், கல் இல்லாத சேறு நல்ல சேறுதானே?"

சீடர் ஆவுடையப்பன் கேட்டார்.

குரு ஜெசிந்தா கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் இருபத்தைந்து வருடம் புள்ளியியல் நடத்திவிட்டு, போதும், இனி சேறு படிக்கிறேன் என்று தென்துருவக் கடலுக்குக் கப்பலேறி வந்த மனிதர். பல ஆயிரம் வருடத்துச் சேற்றுக்கு முன்னால் யார் மூத்தவர், யார் இளையவர் என்று பார்த்து என்ன ஆகப் போகிறது?

கப்பலின் ஆய்வறையில், சேறு மேசைமேல் கிடந்தது, நெடுக்காகப் பிளந்த ஒரு நீளக் குழாயில்.

கப்பலுக்குத் தெற்கே கடலின்மேல் கூரை போட்டதுபோல் ஒரு பனித்தட்டு மிதக்கிறது. அதன்மேல் ஒரு முகாம். பனியைத் துளைத்து, அடியிலுள்ள கடலையும் தாண்டிக் குழாயை இறக்கி, கடல் தரையிலிருந்து உருவி அனுப்பிய சேறு இது. அனுப்பியவள் ஆவுடையப்பனின் மகள் கோமதி. குழாயின் ஒரு முனையில் 'மேல்' என்று அவள் கையெழுத்து.

முகாமில் அவளையும் சேர்த்து ஏழு பேர். இன்னும் மூன்று வாரம் தங்க அனுமதி கேட்டிருந்தார்கள். பனித்தட்டு அதுவரை தாங்குமா? சேற்றைப் படித்துவிட்டு நான்கு மணிக்கு ரேடியோவில் பதில் சொல்ல வேண்டும். ஹெலிகாப்டர் பறக்க இன்று ஒருநாள்தான் வானம் தெளிவு.

"நீங்களே படிங்க அண்ணாச்சி. நீங்க சொல்றதுதான் பதில். கேப்டன்கிட்ட சொல்லிட்டேன்" என்று குரு காலையிலேயே கையைக் கழுவியிருந்தார்.

"என்ன படிச்சிய?" என்று இப்போது கேட்டார்.

"மேல ஒரு சாண் உசரத்துக்குச் சாம்பல் சேறு. அதுக்குக் கீழ பச்சைச் சேறு, வெயில் பட்ட கடல்ல வாழ்ந்த பாசியோட கூடு. பனியே இல்லாம கடல் தெறந்து கெடந்த காலம். அதுக்கும் கீழ கல்லு. பனித்தட்டு ஒடஞ்ச காலம். அது சுமந்துக்கிட்டு வந்த கல்லையெல்லாம் இங்க போட்டிருக்கு. கூரை விழுந்த வீட்ல ஓடு கெடக்குமே, அப்படி."

"பொறவு?"

"பொறவு பனி திரும்ப மூடிருக்கு. நாலாயிரம் வருஷமா ஒரு கல் விழல. கூரை கெட்டியாத்தான் இருக்கு. தங்கட்டும்னு சொல்லிரட்டா?"

"சொல்லுங்க. எங்கிட்ட ஏன் கேக்கிய?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"திரும்பி வான்னு சொன்னா, அப்பன் பயந்துட்டான்னு அவ ஜென்மத்துக்கும் எங்கிட்ட பேசமாட்டா. ரெண்டு வருஷ உழைப்பு டீச்சர். ஆனா ஒரு சந்தேகமும் இருக்கு. அது சேத்துல இருக்கா, எனக்குள்ள இருக்கான்னு தெரியல."

குரு எழுந்தார்.

"கண்ண மூடுங்க."

மூடினார்.

"வாயத் தெறங்க."

சேறு படிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மண்ணை முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மணல்கூடப் பல்லுக்குத் தெரிந்துவிடும்.

"கடிங்க. எப்படி இருக்கு?"

"வழவழன்னு. வெண்ணெ மாதிரி. நறநறப்பே இல்ல."

வாயைக் கொப்பளித்தார். கத்தி நுனியில் இன்னொரு துளி வந்தது.

"இது?"

"இதுவும் அதேதான். ரெண்டும் ஒரே எடம்தானே?"

"இல்ல. ஒண்ணு இன்னைக்கு உள்ள சேறு. கோமதி நிக்கிற பனிக்கு நேர் கீழ இருக்கது. இன்னொண்ணு வேற எடம். எது இன்னைக்குள்ளது?"

ஆவுடையப்பன் மறுபடி கேட்டு வாங்கிக் கடித்தார். நாக்கால் அண்ணத்தில் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சமே பார்த்திராத குளிர் ஒன்று பல்லுக்குள் இறங்கியது.

"தெரியல டீச்சர்."

"கண்ணத் தெறங்க."

சேற்றில் இரண்டு சின்னக் குழிகள். ஒன்று, 'மேல்' என்று மகள் எழுதிய எழுத்துக்குப் பக்கத்தில். மற்றது கல் அடுக்குக்கு ஒரு நகக்கண் கீழே.

அவர் இரண்டு குழிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்லு விழறதுக்கு முந்தின நாள்லயும்... இப்படித்தான் இருந்துதா?"

குரு பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அந்தக் குழிக்கும் கல்லுக்கும் நடுவுல தேடுங்க. கொஞ்சம் மணலு. ஒரு பொடிக் கல்லு. முன்கூட்டி ஏதாவது தாக்கல், ஒரு எச்சரிக்கை இருக்கான்னு பாருங்க."

இரண்டு மணி நேரம் தேடினார். கணக்கு வாத்தியார் தேடும்போது ஒரு மணல்கூடத் தப்பாது. வழவழப்புச் சேறு, வழவழப்புச் சேறு, அடுத்த மயிரிழையில் கல். இடையில் எதுவுமே இல்லை.

நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தார். பனித்தட்டு தூரத்தில் வெள்ளையாகப் படுத்திருந்தது. மறையாத வெயில் அதன்மேல் அசையாமல் நின்றது. காற்றில்லை. நேற்று வரை அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது பார்க்கவே பயமாக இருந்தது.

நான்கு மணிக்கு ரேடியோ கரகரத்தது.

"அப்பா! சேறு என்னப்பா சொல்லுது?"

"அங்க எப்படிம்மா இருக்கு?"

"சூப்பரா இருக்குப்பா. வந்த புதுசுல பனி ராப்பகலா முனகுது, தூக்கமே வரலன்னு சொன்னேன்ல? நாலு நாளா பொட்டுச் சத்தம் இல்ல. எல்லாரும் நல்லாத் தூங்குறோம்."

ஆவுடையப்பன் குருவைத் திரும்பிப் பார்த்தார். குரு குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லிடுக்கில் இன்னும் சேறு இருந்தது. எந்தத் துளியின் மிச்சம் என்று தெரியவில்லை.

"கோமு, எதையும் எடுத்து வைக்காத. ஏழு பேரும் உடனே வெளிய வந்து நில்லுங்க. ஹெலிகாப்டர் கெளம்புது."

"ஏன்ப்பா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா" என்றார் அவர். "அதான்."