கன்னத்தில் ஒரு மடக்கு

“நாளைக்குக் காவி குடுத்துடுங்கம்மா. அந்த வீட்டுல என்னால மூச்சு விட முடியல.”

கேட்டவர் தணிகாசலம், வயது அறுபத்திரண்டு. அலையாத்திக் காட்டோரம் குடில் போட்டிருந்த அம்மையாருக்கு நாற்பத்தைந்துதான். மூன்று மாதமாக இவர் அங்கேயே தங்கி அவருக்குச் சீடராக இருந்தார்.

வீட்டில் கீழே மருமகளின் மாவு மில், மேலே இரண்டு பேரப்பிள்ளைகள். நடுவில் உட்கார்ந்து தியானம் செய்யப் பார்த்து, மனிதர் நொந்துபோய் வந்திருந்தார். மனைவி சொர்ணம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வாராவாரம் படகுக்காரரிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள்.

காவி வாங்கியவர் பிறகு வீடு திரும்பக் கூடாது. அது அங்கே வழக்கம்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அம்மையார்.

காலையில் ஓதம் இறங்கி நீர் வற்றியிருந்தது. சேற்றில் விரல் நீள மீன்கள் கிடந்தன. வாயைத் திறந்து திறந்து மூடின.

தணிகாசலத்துக்கு மனசு கேட்கவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கினார். சாகக் கிடந்தவை அவரை அரைமணி நேரம் ஓடவிட்டன. ஒருவழியாக நாலு மீனைப் பிடித்து, குடம் நிறையத் தண்ணீரில் விட்டார்.

நாலும் வெளியே தாவப் பார்த்தன.

நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று திட்டிக்கொண்டே குடத்தின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினார்.

அம்மையார் வந்தார். துணி உள்ளிருந்து முட்டுப்பட்டு அசைவதைப் பார்த்தார்.

“அதுங்களுக்கு மூச்சு முட்டுது ஐயா. இறக்கி விடுங்க.”

“தண்ணியிலயா மூச்சு முட்டுது?”

அம்மையாரே முடிச்சை அவிழ்த்து, குடத்தைச் சேற்றில் சாய்த்தார்.

ஒரு மீன் துடுப்பை ஊன்றி நடந்தது. சேற்றில் ஒருமுறை புரண்டது. பிறகு பக்கத்து மீனோடு சண்டைக்குப் போனது.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை சேற்றில் இது எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டார்.

“காத்துல மூச்சு விடுற சேத்து மீனு இது. தண்ணிய விட்டு வரும்போதே கன்னத்துல ஒரு மடக்குத் தண்ணி அடக்கிக்கிட்டு வரும்.”

அவர் வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தார். காலெல்லாம் சேறு நாறியது. மனசு லேசாக இருந்தது.

குடிலுக்குத் திரும்பியதும் அம்மையார் மடித்த காவித் துணியை எடுத்து நீட்டினார்.

தணிகாசலம் அதை வாங்காமல் கும்பிட்டார். பிறகு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ஊறுகாய் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“படகு எத்தனை மணிக்கும்மா?”