காபி வராத காலை

மேனேஜர் சந்திரமௌலி வாயைத் திறந்தால், "இது கம்பெனி இல்ல, குடும்பம்!" என்பார். அந்தக் குடும்பத்தில் ஒரு மாசம் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லாமல் உழைத்த இளம்பரிதி, நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனான்.

மறுநாள் காலை, அவன் வீட்டில் இன்னும் பிணம்கூட எடுக்கவில்லை. "ஒருத்தரும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது! அறுபது பேருக்கும் காபி கொண்டா!" என்று மேனேஜர் கத்தினார்.

காபி போடும் செங்கமலம் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"குடும்பத்துல சாவு விழுந்தா, பொணம் எடுக்குற வரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டோமே சார்?"

"அவன் என்ன நமக்குச் சொந்தமா? வெறும் ஸ்டாஃப்! அவன் போனா இன்னொருத்தன்!"

"இதை உங்க வாயாலயே இவங்க கேக்கணும்னுதான் சார் வந்தேன்."

அறுபது நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. எல்லோரும் சாவு வீட்டுக்குக் கிளம்பினார்கள். குடும்பத் தலைவர் மட்டும் தனியாக நின்றார்.