சிவப்பு குறைந்த படம்

பெனிட்டா ஸ்கேன் டாக்டர். நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரி. அக்குபஞ்சர் ஊசி கற்றது மட்டும் தாணுலிங்க ஆசானிடம். கணவன் ஏசுவடியானுக்கு விபத்தில் நசுங்கிய காலை எடுத்த பிறகுதான் கற்க வந்தாள். இல்லாத அந்தக் கால் அவனுக்கு வலித்தது. மாத்திரை எதற்கும் கேட்கவில்லை.

அன்று மூச்சிரைக்க ஆசான் வீட்டுக்கு வந்தாள். கையில் இரண்டு மூளைப் படங்கள்.

"இது ஊசிக்கு முன்னால, ஆசானே. செவப்பெல்லாம் வலி. இது, ஸ்கேன் மெஷினுக்க காந்தம் இழுக்காத தங்க ஊசி போட்ட பெறகு. எவ்வளவு கொறஞ்சிருக்கு பாருங்க!"

ஆசான் படத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவள் அதை நேராகத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல அவன் எங்க மக்ளே?"

"அவரு மூளைதான் இது."

"செரி. அவன் என்ன சொல்லுகான்?"

"படம் எடுத்த அன்னைக்கும் வலிக்குன்னாரு. இதக் காட்டினேன். வலி போயாச்சு, பயத்துல அப்படித் தோணுகுன்னு புரிய வெச்சேன். அதுக்கப்புறம் வலின்னு மூச்சே விடல. ஒரு மாசம் ஆச்சு. ஊசி வேலை செய்யுகுன்னு இன்னும் என்ன சாட்சி வேணும்?"

ஆசான் சட்டையை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

அவள் வீட்டில் ஏசுவடியான் நாற்காலியில் இருந்தான். ஆசானைப் பார்த்துச் சிரித்தான்.

"சுகம் ஆசானே. ஒங்க ஊசி ஜெயிச்சாச்சு."

"கையக் காட்டுலே."

"எடுத்தது கால. கைக்கு என்ன?"

ஆசான் அவன் முஷ்டியைப் பிடித்து விரல் விரலாகப் பிரித்தார். உள்ளங்கை முழுக்க நகம் பதிந்த புண். சில காய்ந்தவை. ஒன்றில் ஈரம்.

தினமும் அந்தக் கையில்தான் அவள் காபி தம்ளரைக் கொடுத்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" பெனிட்டா அந்தக் கையைப் பிடித்தாள்.

"சொன்னேனே. இல்லன்னு காட்டிட்டியே. நீ படிச்சவ. ஒனக்கு முன்னால எத்தன தடவ பொய்க்காரனா நிக்கது?"

கையை இழுத்து மறுபடி மூடிக்கொண்டான்.

ஆசான் வாசலுக்கு வந்துவிட்டார். பெனிட்டா பின்னாலேயே ஓடினாள்.

"அந்தப் படத்தக் கிழிச்சுப் போடுகேன் ஆசானே. இனிமே வலிச்சா எங்கிட்ட சொல்லுவாரா?"

ஆசான் குனிந்து செருப்பை மாட்டினார்.

"சொல்லுவான். படம் எடுக்கத் தெரியாத யாருகிட்டயாவது."