பின்னணி நீக்கிய படம்

மணப்பாறை பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மாடியில் ஷமீமாவின் டிசைன் கடை. வேலை பார்த்த மில் மூடப்பட்ட பிறகு சிங்கராயர் அவளிடம் வேலை கற்க வந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு இருபத்தெட்டு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

படத்தில் இருக்கும் ஆளை மட்டும் வைத்துக்கொண்டு பின்னணியை நீக்க அவர் இரண்டு மாதமாகப் பழகினார். பின்னணி போன இடத்தில் வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னச் சதுரங்கள் தெரியும். அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். அந்த ஆளை இனி எந்தப் படத்தின் மேலும் கொண்டுபோய் வைக்கலாம்.

ஒரு நாள் பதினோரு மணிக்கு ஒருவன் வந்தான். கசங்கிய சட்டை, மூன்று நாள் தாடி. போனை நீட்டினான். கல்யாண வீட்டில் எடுத்த படம். ஏழெட்டுப் பேருக்கு நடுவில் பச்சைப் புடவையில் ஒரு பெண்.

"இவங்க மட்டும் போதும். பின்னாடி ஒண்ணும் இருக்கக் கூடாது."

"யாரு இவங்க?" என்றார் சிங்கராயர்.

"தங்கச்சி."

"எதுக்கு?"

"சும்மா... வெள்ளையில வைக்க."

ஷமீமா திரும்பினாள். "வெள்ளைதான்னா நானே வெள்ளை போட்டுத் தரேனே. அப்புறம் எதுக்கு ஒண்ணுமில்லாம கேக்குறீங்க?"

அவனுக்கு வேர்த்தது. "அப்படித்தான் வேணும்னாங்க. முடிச்சதும் உங்க கம்ப்யூட்டர்ல இருந்து அழிச்சிடுங்க."

சிங்கராயர் ஷமீமாவின் பக்கம் குனிந்தார். "டீச்சர், ஆளே சரியில்ல. இந்தப் பொண்ணைத் தன் பக்கத்துல ஒட்டி ஏதோ பண்ணப் போறான். போலீசுக்குச் சொல்லிடுவோம்."

அவள் வந்தவனிடம், "உங்க தங்கச்சிக்கு வீடியோ கால் போடுங்க" என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவன் தயங்கினான். சிங்கராயர் எழுந்துபோய் மாடிப்படியை மறித்து நின்றுகொண்டார்.

வெகுநேரம் மணி அடித்தது. பிறகு திரையில் ஒரு முகம் வந்தது. அதே பெண். பக்கத்தில் தையல் மிஷின்.

"உங்க படத்தைத் தனியா வெட்டித் தரச் சொல்றாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தாங்க அனுப்பினேன். தையல் கிளாஸ் ஆரம்பிக்கிறேன். பேனர் அடிக்கிறவங்க அப்படித்தான் வேணும்னாங்க." குரல் தணிந்தது. "மாமியார் வீட்டுக்கு இன்னும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லாதேன்னு எங்கண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன். அண்ணனுக்குப் பொய் சொல்லவும் வராது."

ஷமீமா உட்கார்ந்தாள். தலைமுடியின் ஓரம்வரை நிதானமாக வெட்டினாள். பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவன் கண்ணெதிரிலேயே படத்தை அழித்தாள். அவன் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

சிங்கராயர் ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"தப்பா நினைச்சுட்டேன் டீச்சர். அவன் நல்லவன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"எனக்கெங்கண்ணே தெரியும்? நானும் சந்தேகப்பட்டுத்தான் போன் போடச் சொன்னேன்."

அவள் அவருடைய ஃபோல்டரைத் திறந்தாள். முந்தாநாள் அவள் வெளியே போயிருந்தபோது அவர் தனியாக முடித்த வேலை அதில் இருந்தது. ஒரு கல்லூரிப் பெண் சதுரங்களின் மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓரம் சுத்தமா வந்திருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. "ஒரு சார் கொண்டுவந்தார் டீச்சர். இஸ்திரி கலையாத சட்டை. என்ன மரியாதையா பேசினார் தெரியுமா!"

"எதுக்குன்னு சொன்னாரா?"

"கேக்கலை. அவரைப் பார்த்தா..." பாதியில் நிறுத்தினார்.

ஷமீமா படத்தை மூடவில்லை.

"இந்தப் பொண்ணு பேரு என்னண்ணே?"