தோழர் மாமா விளையாட்டு

குழந்தைகள் இல்லம் என்ற மழலையர் பள்ளிக்கு அந்த ஆனி மாதம் இரண்டு புதிய ஆசிரியர்கள் வந்தார்கள்.

ஒருவர் நிலோபர். கல்லூரி முடித்த கையோடு வந்த பெண். இன்னொருவர் கோவேந்தன். தலை நரைத்தவர், பஞ்சாலைச் சங்கத்தில் இருந்தவர். ஊரில் தோழர் என்று கேட்டால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள்.

இல்லத்தை நடத்துபவர் தமயந்தி. அவருக்குக் கோவேந்தனின் மகள் வயது இருக்கும்.

"இங்கே எதுக்கு வந்தீங்க தோழர்?" என்று தமயந்தி கேட்டார்.

"பெரியவங்ககிட்ட பேசிப் பேசி அலுத்துப்போச்சு டீச்சர். மேடைக்கு முன்னால கைதட்டுவான். வீட்டுக்குப் போய் அப்பன் செஞ்சதையே செய்வான். என்கூட உண்ணாவிரதம் இருந்தவன்ல பாதிப் பேர் இன்னிக்குக் கான்ட்ராக்டர். சின்ன வயசுலயே சொல்லிக் கொடுத்தாத்தான் உண்டு. எனக்கு இது கடைசி இடம். இதுவும் இல்லைன்னா நான் செஞ்சது எல்லாம் வீண்."

"என்ன சொல்லிக் கொடுக்கப் போறீங்க?"

"மனுஷன்ல மேல் கீழ் இல்லைன்னு."

தமயந்தி ஒரு முறம் நிறைய முருங்கைக் கீரையை அவர் முன்னால் வைத்தார்.

"முதல்ல இதை உருவுங்க."

வால்டார்ஃப் என்ற கல்வி முறையைத் தழுவி நடக்கும் இடம் அது. அங்கே கரும்பலகை இல்லை, பாடமும் இல்லை. பெரியவர்கள் மாவு பிசைவார்கள், கிழிந்த துணி தைப்பார்கள், முற்றம் கூட்டுவார்கள். பிள்ளைகள் அவர்களைச் சுற்றி, மரக்கட்டைகளையும் துணிகளையும் முகம் வரையாத பொம்மைகளையும் வைத்து விளையாடுவார்கள். காரில் வந்து இறங்கும் பிள்ளைகள் உண்டு. கட்டணம் இல்லாமல் சேர்ந்த, நடந்து வரும் பிள்ளைகளும் உண்டு.

"எங்களை எப்போ ஆசிரியரா ஏத்துக்குவீங்க?" என்று நிலோபர் கேட்டாள்.

"வந்த அன்னிக்கு இங்கே வரவேற்பு கிடையாது. பிள்ளைங்க உங்களை விளையாடணும். அதுக்கப்புறம்தான்."

"எங்களையா?"

"அம்மா விளையாட்டு விளையாடறாங்க. டாக்டர் விளையாட்டு, கண்டக்டர் விளையாட்டு எல்லாம் விளையாடறாங்க. ஒரு நாள் யாராவது ஒரு பிள்ளை நீங்களா மாறும். அந்தப் பிள்ளையே உங்க கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டு வரும். விளக்கு ஏத்துவோம், கேழ்வரகு அடை சாப்பிடுவோம். அவ்வளவுதான் வரவேற்பு."

"மாறவே இல்லைன்னா?" என்றார் கோவேந்தன்.

"அப்படி ஒருத்தர் இருந்தார். ஒரு வருஷம் இருந்து பார்த்துட்டு அவரே போயிட்டார்."

நிலோபருக்கு அந்த வாரமே விளையாட்டு வந்தது. ஒரு பையன் சன்னலோரம் உட்கார்ந்து, இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோத்தான். கோக்கும்போது நாக்கின் நுனியை வெளியே நீட்டி, ஒரு கண்ணை மூடினான். மற்ற பிள்ளைகள், "நிலோபர் அக்கா" என்றார்கள்.

"நான் நாக்கை நீட்டறேனா?" என்று கேட்டாள் நிலோபர். அவளுக்கே அது புதுச் செய்தி. மறுநாள் அந்தப் பையன் அவளைக் கைபிடித்து அழைத்து வந்தான். அடை சாப்பிட்டார்கள்.

கோவேந்தன் காத்திருந்தார்.

அவர் விறகு பிளந்தார். மூச்சுப் பிடித்து, ஓங்கி, எல்லோரும் பார்க்கப் பிளந்தார். ஊர்வலப் பாட்டுகளைப் பாடினார். குரல் இன்னும் கெடவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பிறகு போய் அம்மா விளையாட்டு விளையாடினார்கள்.

"ஏன் டீச்சர், நான் மட்டும் வர மாட்டேங்கிறேன்?"

"நீங்க செஞ்சு காட்டறீங்க தோழர். காட்டினா வேடிக்கைதான் பார்ப்பாங்க."

"காட்டாம எப்படிச் செய்யறது?"

தமயந்தி சிரித்தார்.

மழை தொடங்கியபோது தமயந்தி அவரைக் காலையில் வாசலில் நிறுத்தினார். அங்கே நிற்பவருக்கு ஒரே வேலை. வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் குனிந்து, கண்ணைப் பார்த்து, கை கொடுத்து, பெயர் சொல்லி உள்ளே விட வேண்டும்.

கோவேந்தனுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. பிள்ளைகள் அவரைத் தோழர் மாமா என்றார்கள். அது அவருடைய பெயர் என்றே நினைத்தார்கள். நாள் போகப் போக, யாராவது பார்க்கிறார்களா என்று அவர் திரும்பிப் பார்ப்பது நின்றது.

ஒரு முற்பகல். அவர் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். தமயந்தி பக்கத்தில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். மகிமா என்ற சிறுமி இரண்டு மணைகளை நிறுத்தி வாசல் கட்டினாள். அவளுடைய அப்பா நகராட்சியில் சாக்கடை அள்ளுபவர். வாசலுக்கு வெளியே பொம்மைகளை வரிசையாக வைத்தாள். தொண்டையைச் செருமினாள். முதுகைக் கொஞ்சம் வளைத்து, ஒரு கையை இடுப்பில் ஊன்றினாள்.

"தோழர் மாமா" என்றான் பக்கத்தில் இருந்த ரோஷன்.

கோவேந்தனின் முறம் நின்றது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. தமயந்தியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மகிமா முதல் பொம்மைக்குக் கை கொடுத்தாள். "வாங்க வாங்க" என்றாள். அச்சு அசல் அவர் குரல். இரண்டாவது பொம்மைக்குக் கொடுத்தாள். மூன்றாவதுக்குக் கொடுத்தாள். கொடுத்த கையைப் பாவாடையில் தொடைப் பக்கமாக ஒரு தடவை துடைத்தாள். நான்காவதுக்குக் கொடுத்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் துடைக்கணுமா?" என்று ரோஷன் கேட்டான்.

"இல்ல. இதுக்கு மட்டும்."

"இது யாரு?"

"இது நான்" என்றாள் மகிமா. அடுத்த பொம்மைக்குக் குனிந்தாள்.

பிள்ளைகள் சாப்பிடப் போனார்கள்.

"பிள்ளை ஏதோ தப்பாப் பார்த்திருக்கு" என்றார் கோவேந்தன்.

"இருக்கலாம்."

"அதுக்கு மூக்கு ஒழுகிட்டே இருக்கும். அதனால நான் எப்பவாவது..."

"மூக்கு ஒழுகறது டாக்டர் வீட்டுப் பையனுக்கு, தோழர். நீங்கதான் தினமும் உங்க துண்டுல துடைச்சு விடறீங்க."

கோவேந்தன் முறத்தைக் கீழே வைத்தார்.

"தனிக் குவளை வெச்சிருந்த டீக்கடைக்குள்ளே புகுந்து அத்தனையையும் போட்டு உடைச்சவன் நான். மண்டையில தையல் போட்ட தழும்பு இருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ஊருக்கே தெரியும்."

"அப்புறம்?"

"நாளைக்குக் காலையில பாருங்க. எனக்கும் தெரியணும்."

மறுநாள் காலை அவர் வாசலில் நின்றார். ஒவ்வொரு கையாக வாங்கினார், விட்டார். மகிமா தூறலில் நனைந்தபடி வந்தாள். அவர் குனிந்தார். கண்ணைப் பார்த்தார். வேண்டுமென்றே கொஞ்சம் அதிக நேரம் அந்தக் கையைப் பிடித்திருந்தார். "வா மகிமா" என்றார். அவள் உள்ளே போனாள்.

அடுத்து ரோஷன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கொடுக்கத் தன் கையைத் தேடியபோது அது வேட்டியில் இருந்தது. துடைத்து முடித்திருந்தது.

கடைசிப் பிள்ளை உள்ளே போன பிறகு அவர் தன் ஜோல்னாப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். தமயந்தி சமையலறையில் அடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"போறேன் டீச்சர்."

"இன்னிக்கு உங்களுக்கு வரவேற்பு."

"கேலி பண்றீங்களா?"

"விளையாடிட்டாங்க. வழக்கத்தை மாத்த முடியாது."

"விளையாடினது என்னன்னு பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அப்ப அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போறேன்."

"என்னன்னு கேட்பீங்க?"

கோவேந்தன் நிமிர்ந்து நின்றார். "மகிமா, தலைமுறை தலைமுறையா எங்க கையில ஊறிப்போன ஒரு அழுக்கு..." என்று ஆரம்பித்தார். தானே நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் தமயந்தி. "கேட்டுட்டு அவ பரவாயில்லை மாமான்னு சொல்லணும். நீங்க செஞ்சதுக்கு ஆறுதல் சொல்ற வேலையும் அவளுக்கா?"

"அப்ப வாசல்ல வேற யாரையாவது நிறுத்துங்க. நான் பின்கட்டுல கீரை உருவறேன்."

"நேத்து அவ உங்களை விளையாடினா. நாளைக்கு நீங்க வாசல்ல இல்லைன்னா அவ என்ன நினைப்பா?"

கோவேந்தன் அடுப்பங்கரை மேடையில் சாய்ந்தார்.

"உங்களை என்னன்னு விளையாடினாங்க?" என்று கேட்டார்.

"என்னையா? ரெண்டு குரல்ல பேசினா ஒரு பொண்ணு. கார்ல வர்ற பொம்மைன்னா, கண்ணே வாடா செல்லம். நடந்து வர்ற பொம்மைன்னா, செருப்பை ஒழுங்கா விடு."

"எந்தப் பிள்ளை?"

"நடந்து வர்ற பிள்ளைதான்."

"நீங்க போகலையா?"

"போனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும்."

"ஏன் திரும்பி வந்தீங்க?"

"பஸ்ல ஏறினா அந்தக் குரலும் கூடத்தானே ஏறும்? போற இடத்துல யார் எனக்கு அதை விளையாடிக் காட்டுவாங்க?"

அப்போது நிலோபர் உள்ளே வந்தாள்.

"அக்கா, மகிமா குழாயடியிலேயே நிக்கறா. சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவறா. போதும்னா கேட்க மாட்டேங்கறா."

"என்னவாம்?"

"தோழர் மாமாவைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வரணுமாம். அதனால கை சுத்தமா இருக்கணுமாம்."

கோவேந்தன் நிலோபரைப் பார்த்தார். மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். பை தோளிலிருந்து நழுவியது. அதை அவர் எடுக்கவில்லை.

தமயந்தி அடை தட்டத் தொடங்கினார். முதல் அடை வெந்து, இரண்டாவதும் வெந்தது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"கூட்டிட்டு வருவா. விளக்கு ஏத்துவீங்க. எல்லாம் சரி. நாளைக்குக் காலையில வாசல்ல நிக்கும்போது இந்தக் கை மறுபடியும் துடைச்சிருச்சுன்னா?"

தமயந்தி தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார்.

"துடைக்கும். நீங்க ரெண்டு பேரும் பார்ப்பீங்க. இதுவரைக்கும் அவ ஒருத்திதான் பார்த்துட்டு இருந்தா."