பல் தேய்ந்த கம்ப்யூட்டரும் ஒத்தைப் பக்க மீசையும்

கொம்பாலம்பட்டியில் மாட்டுக்குப் பல் பார்க்கத் தெரியாதவனுக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் மாட்டுத் தரகர்கள். மாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மாட்டைத் தவிர மற்றதைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. இதில் அவர்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அவர்களில் பெரிய கை ஒய்யணன். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். சந்தையில் ஏமாந்து, உதை வாங்கி, திருப்பி ஏமாற்றித் தொழில் படித்தவன். கோபம் வந்தால் முதலில் தோள் துண்டை உதறுவான். யார் மேல் கோபம் என்பதை அப்புறம்தான் முடிவு செய்வான்.

பொங்கலுக்கு முந்தின சந்தையில் கீழப்பொட்டல் சோணைமுத்து அவனைச் சீண்டினான்.

"என்ன ஒய்யணா, உன் காளை ராஜாவுக்குக் கிழடு தட்டிப்போச்சாமே? இந்த வருஷம் வாடிவாசல்ல இறக்குறியா, இல்ல செக்குல கட்டுறியா?"

ஒய்யணன் துண்டை உதறினான். "டேய்! இந்த வருஷம் என் தொழுவத்துல இருந்து ஒண்ணு வாடிவாசல்ல இறங்கும். ஒரு பய அதைப் பிடிக்க முடியாது. அப்படி நடக்கலேன்னா ஒத்தைப் பக்க மீசையோட இதே சந்தைக்கு வர்றேன்டா!"

சந்தையே கேட்டது. ஒய்யணனின் மீசை லேசுப்பட்டது இல்லை. ஒரு பக்கத்தை எடுத்தால் மனிதர் பாரம் தாங்காமல் மறுபக்கமாகச் சாய்ந்துவிடுவார் என்று அவன் மைத்துனன் பெத்தணன் மெய்யாகவே கவலைப்பட்டான்.

காளையை இறக்க வேண்டுமானால் டோக்கன் வேண்டும். டோக்கனுக்கு ஆன்லைனில் பதிய வேண்டும். மாட்டுத் தரகர் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எங்கோ ஏலத்தில் கழித்துக் கட்டியதை, ஒரு கிழட்டு ஆட்டைக் கொடுத்து ஒய்யணன்தான் பேரம் முடித்திருந்தான். சங்கத்துக்குக் கட்டடம் கிடையாது. ஒய்யணனின் தொழுவத்தில் நடுவே ஒரு தென்னந்தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ராஜா, இந்தப் பக்கம் சங்கம். தொழுவத்தில் கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் ஒரு லாரி பேட்டரியில்தான் ஓடும்.

சங்கச் செயலாளர் அழகுமலை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். திரையில் வந்ததைப் படித்தார்.

"இந்தக் கணினி பழசாம். புதுப் பதிப்பு ஏத்திட்டு வரச் சொல்றான்."

"ஏத்துங்க அண்ணே."

அழகுமலை பொத்தானை அழுத்தினார். மறுபடி எழுத்து வந்தது. "இந்தக் கணினி புதுப் பதிப்புக்குத் தகுதி இல்லையாம். வயசும் ஜாஸ்தியாம். உள்ளே மெமரி ரெண்டு இருக்கு, அவன் நாலு கேக்குறான்."

"யாரைப் பாத்துத் தகுதி இல்லேங்குறான்?" ஒய்யணன் எழுந்தான். "நாலுன்னுதான் ஆரம்பிப்பான். சந்தையில எவன் முதல் பேச்சுலயே உண்மையைச் சொல்லியிருக்கான்? தள்ளுங்க, மூணுல முடிச்சுத் தர்றேன்."

மாட்டுப் பேரம் வாயால் நடப்பதில்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஒய்யணன் மவுஸ் மேல் துண்டைப் போர்த்தினான். உள்ளே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான். அடுத்தவன் பேரத்தை எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால், பெத்தணனும் அழகுமலையும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். துண்டுக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டது.

"படியுதா மச்சான்?"

"இழுக்குறான். விடமாட்டேன்."

திரும்பிப் பார்த்தபோது திரை வெறுமையாக இருந்தது. துண்டுக்குள் என்ன அழுத்தினானோ, வேலையே ரத்தாகிவிட்டது.

"பேரம் முறிஞ்சுபோச்சு," என்றான் ஒய்யணன், மூச்சு வாங்க. "ரொம்பக் கறாரான ஆளு."

அழகுமலை யோசித்தார். "ஒய்யணா, நாம எத்தனை கிழட்டு மாட்டை இளசுன்னு தள்ளியிருக்கோம்? அவன் வயசுதானே பாக்குறான்?"

மூவருக்கும் முகம் மலர்ந்தது. இது தெரிந்த தொழில். ஒய்யணன் பெட்டியை வேப்பெண்ணெய் போட்டுத் தேய்த்தான். அழகுமலை மானிட்டருக்குக் கழுத்துமணி கட்டினார். கீபோர்டைப் பார்த்ததும் பெத்தணன் உச்சுக் கொட்டினான். பல்லெல்லாம் தேய்ந்து, பாதி எழுத்துகள் அழிந்தே போயிருந்தன. கொம்புக்கு அடிக்கும் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். நெடுநேரம் கழித்து, கழுத்தைச் சொடுக்கிக்கொண்டு எழுந்தான்.

"எவனோ கூறுகெட்டவன் எழுத்தையெல்லாம் கலைச்சு வச்சிருந்தான் மச்சான். அழிச்சிட்டு ஏ, பி, சி, டின்னு முதல்ல இருந்து வரிசையாப் போட்டுட்டேன்."

"இதுக்குத்தான் படிச்சவன் ஒருத்தன் வேணுங்கிறது," என்றார் அழகுமலை.

மறுபடி ஏற்றிப் பார்த்தார்கள். மறுபடியும் தகுதி இல்லை என்றே வந்தது.

"இவன் பல்லையே பாக்கலை மச்சான்," என்றான் பெத்தணன் கிசுகிசுப்பாக. "பொறந்த தேதியை எப்படியோ தெரிஞ்சு வச்சிருக்கான்."

வேறு வழியில்லாமல் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தன் அக்கா மகன் திலீபனுக்குப் போன் போட்டான் ஒய்யணன்.

"இவ்வளவுதானா மாமா? வயசைப் பாக்காம ஏறுற மாதிரி ஒரு பென் டிரைவ் பண்ணி, பஸ்ல குடுத்துவிடுறேன். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. புதுசு ஏறும்போது பழசு ஒண்ணும் மிஞ்சாது. அதனால உள்ளே இருக்கிறதையெல்லாம் வெளியே எடுத்துப் பத்திரமா வச்சிடுங்க."

"எல்லாத்தையுமா மருமகனே?"

"எல்லாத்தையும். அப்புறம் போச்சே போச்சேன்னு என்கிட்ட வரக் கூடாது."

பெத்தணன் திருப்புளியைக் கொண்டுவந்தான். உள்ளே இருந்த பச்சைப் பலகை, காற்றாடி, வயர், இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே ஒரு வேட்டியில் பரப்பினான். தட்டிக்கு மேலே தலையை நீட்டி ராஜா அந்தப் பச்சைப் பலகையை ஒரு நக்கு நக்கியது. உடனே வேட்டியோடு மடித்துத் தவிட்டு டிரம்முக்குள் இறக்கி மூடினார்கள். ஊரில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

மறுநாள், பதிவுக்குக் கடைசி நாள், காலை பஸ்ஸில் பென் டிரைவ் வந்தது. திலீபன் போனில் வந்தான்.

"எல்லாத்தையும் எடுத்து வச்சாச்சா மாமா?"

"வச்சாச்சு. உள்ளே இப்ப ஒரு தூசிகூட இல்லை."

"சூப்பர். பென் டிரைவைச் சொருகி ஆன் பண்ணுங்க."

ஆன் ஆகவில்லை. நாலு பக்கமும் தட்டினார்கள். ஆகவில்லை.

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, பாக்குறேன்."

போட்டோ என்றால் ஒய்யணனுக்கு ஒரு முறை உண்டு. விலைக்கு நிற்கும் மாட்டோடு நிற்பதுபோலவே நின்றான். இடது கையில் வயரைக் கயிறுபோலச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான், வலது கையை மானிட்டர் மேல் போட்டான், மீசையை முறுக்கினான். அழகுமலை தன் போனில் எடுத்து அனுப்பினார்.

"மாமா... அந்தப் பொட்டிக்குள்ளே ஒண்ணுமே இல்லையே?"

"நீதானப்பா எடுக்கச் சொன்னே?"

 போனில் யாரோ திலீபனுக்குத் தண்ணீர் கொடுத்த சத்தம் கேட்டது. அதைக் குடித்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப மாட்டச் சொன்னான்.

வரிசையாகப் பரப்பியிருந்ததால் கடைசியில் இருந்து முதலுக்கு மாட்டிக்கொண்டு வந்தான் பெத்தணன். எல்லாம் போன பிறகு ஒரு திருகாணி மிஞ்சியது. அது காற்றாடியின் திருகாணி. மீந்துபோன நல்ல பொருளை வீணாக்குவானேன் என்று அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்து ராஜாவின் கழுத்தில் தாயத்தாகக் கட்டினார்கள்.

இந்த முறை ஆன் ஆனது. உள்ளே போன தவிடும் ஆடுகிற காற்றாடியும் சேர்ந்து, வாடிவாசலில் நிற்கும் காளை மாதிரி பெட்டி 'புஸ்ஸ்... புஸ்ஸ்...' என்று சீறியது.

"ஏறுது மாமா," என்றான் திலீபன். "இனிமே அணைக்கவே கூடாது. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. மூவரும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் திலீபன் போனை எடுக்கவே இல்லை. அவன் பட்ட பாட்டையும் நாம் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் புதுப் பதிப்பு முழுசாக ஏறி, பதிவுப் பக்கமும் திறந்தது. மூவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒய்யணனின் அடையாள எண்ணைத் தட்டியதும் அவன் பேரும் ஊரும் தானாகவே வந்தன. காளையின் பேர் கேட்டது. பெத்தணன் தான் எழுதிய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, ஆர், ஏ, ஜே, ஏ என்று அழுத்தினான். திரையில் 'கே க்யூ பி க்யூ' என்று விழுந்தது.

"புதுப் பதிப்பு இல்லையா, புது மாதிரி எழுதுது," என்றார் அழகுமலை. அதோடு விட்டார்கள்.

அடுத்து காளையின் படம் கேட்டது. ராஜாவின் படம் பழைய பதிப்பில்தான் இருந்தது. பழசு ஒன்றும் மிஞ்சவில்லை.

தட்டிக்கு அந்தப் பக்கம் ராஜா 'ம்மா' என்றது.

"எழுந்து போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்திடவா மச்சான்?"

"நகரக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்டா!"

"கூப்பிட்டா மாடு வராதா?"

"கட்டிப் போட்டிருக்கே. அவிழ்க்கணும்னா நகரணும்."

மணி ஆகிக்கொண்டிருந்தது. போனைத் துழாவினால் ஒரே படம்தான் இருந்தது. ஒய்யணன் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு நின்ற படம்.

"இதையே போடுவோம்," என்றான் ஒய்யணன்.

அழகுமலைக்கு மனசு ஒப்பவில்லை. "படம் ஒண்ணு, விவரம் ஒண்ணுன்னு போட்டா அது மோசடி, ஒய்யணா. நாளைக்குக் கேள்வி வரும்."

"அப்ப படத்துல உள்ளபடியே விவரத்தைப் போடுங்க. என் மேல ஒரு பொய் கேஸ் வரக் கூடாது."

திரையில் வந்த பட்டியலில் மவுஸால் தொட்டுத் தொட்டு நேர்மையாக நிரப்பினார்கள். நிறம், சாம்பல். கொம்பு, இல்லை. பல், தேய்ந்தது. குணம் என்ற இடத்தில் மூவரும் கலந்து பேசி 'சீறும்' என்று குறித்தார்கள். கொஞ்ச நேரத்தில் போனில் டோக்கன் வந்தது. ஒய்யணன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இரண்டு பக்கமும் இருந்தது.

வயிறு பசித்தது. ஆனால் இடத்தை விட்டு நகரக் கூடாதே! இங்கேதான் அழகுமலை தான் ஏன் செயலாளர் என்பதைக் காட்டினார்.

"இடத்தை விட்டுத்தானே நகரக் கூடாது? இடத்தையே கூடக் கொண்டுபோனா?"

வாசலில் போனவர்களைக் கத்திக் கூப்பிட்டு, ஒரு மாட்டு வண்டியில் பெஞ்சையும் கம்ப்யூட்டரையும் லாரி பேட்டரியையும் ஏற்றச் சொன்னார்கள். மூவரும் உட்கார்ந்த நிலையிலேயே ஏற்றப்பட்டார்கள். சாப்பாட்டுக்கு, கடைக்கு, கருமாதிக்கு, பொங்கல் வரைக்கும் அப்படியேதான் போய்வந்தார்கள். பெட்டி அணையவே இல்லை.

ஜல்லிக்கட்டு அன்று கால்நடை டாக்டர் டோக்கன் படத்தையும் எதிரில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். படம் அச்சாகப் பொருந்தியது. கொம்பு கூராக இருக்கிறதா? இல்லை. சாராயம் கொடுத்திருக்கிறார்களா? வாடை இல்லை. கண்ணில் மிளகாய்ப்பொடி? கண்ணே இல்லை. விதியில் உள்ள எல்லாவற்றிலும் தேறிவிட்டது. அவரும் கொம்பாலம்பட்டிக்காரர்தான், முத்திரை குத்தி அனுப்பினார்.

மைக் முழங்கியது. "அடுத்து வருது பாருங்க, கொம்பாலம்பட்டி ஒய்யணன் மாடு, பேரு... கே க்யூ பி க்யூ! வெளிநாட்டு ரகம் போலருக்கு! பாத்துத் தம்பி, பாத்து! சீறும்னு போட்டிருக்கு!"

வாடிவாசல் திறந்தது. பெத்தணன் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே, கம்ப்யூட்டரும் பேட்டரியும் இருந்த சக்கரப் பலகையைக் காலால் ஒரு தள்ளு தள்ளினான். கம்ப்யூட்டர் களத்துக்கு வந்து நின்றது. கழுத்துமணி ஆடியது. 'புஸ்ஸ்' என்று சீறியது. கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது.

மாடுபிடி வீரர்கள் சுற்றி வந்தார்கள். திமிலைத்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. திமில் எங்கே? முன்னாலும் பின்னாலும் தேடினார்கள். ஒருவன் பொறுக்க மாட்டாமல் பாய்ந்து வயரைப் பிடித்தான்.

"தம்பி! வாலைப் பிடிக்கக் கூடாது! வெளியே போ!" என்று மைக் கத்தியது.

இன்னொருவன் கட்டிப்பிடித்தான். மாடு மூன்று துள்ளு துள்ளும்வரை விடாமல் பிடித்திருந்தால்தான் கணக்கு. அவன் பிடித்துக்கொண்டே நின்றான். அது துள்ளவே இல்லை. கை கடுத்து, அவனே விட்டுவிட்டான்.

"நின்னு விளையாடுதுய்யா! கொஞ்சமாவது அசையுதா பாருங்க! மாடு வெற்றி! மாட்டுக்காரர் வந்து அண்டாவை வாங்கிட்டுப் போங்க!"

ஒய்யணன் துண்டை உதறினான். ஆனந்தம் வந்தாலும் அவனுக்கு அதுதான் பழக்கம். தொழுவத்தில் இருந்து ஒன்று இறங்கியது, ஒரு பயலும் பிடிக்கவில்லை. சொன்ன சொல்லில் ஒரு மயிர் பிசகவில்லை, மீசையிலும் பிசகவில்லை.

அடுத்த சந்தையில் சோணைமுத்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். கையில் எதையோ சாக்கில் சுற்றி வைத்திருந்தான். ஒய்யணனைத் தனியாக ஓரம் தள்ளிக்கொண்டுபோய், குரலைத் தாழ்த்தினான்.

"பழசை மனசுல வச்சுக்காதே ஒய்யணா. உன் கம்ப்யூட்டர் நல்ல ரகம். ரத்தம் விட்டுப்போயிடக் கூடாது." சாக்கை லேசாக விலக்கினான். உள்ளே ஒரு லேப்டாப். "எங்க வீட்டுது. இது வரைக்கும் ஈனலை. ஒரு தடவை உன்னோடதை இதோட சேத்துப் பொலிக்கு விடுவியா?"

ஒய்யணன் லேப்டாப்பைத் திறந்து பல்லைப் பார்த்தான். மூடினான். வானத்தைப் பார்த்தான். பிறகு துண்டை எடுத்து இருவர் கைக்கும் மேலே போர்த்தினான்.

"கன்னுக்குட்டியில பாதி எனக்கு," என்றான். "மேல பேசு."